தின்றது எப்போது

அறுப்பவர் பெயர்தான் பத்திரிகையில் வரும்.
நான் தலைமாட்டில் நிற்பவள்.
முப்பத்தொரு வருஷம்
கொழிஞ்சாம்பாறையிலிருந்து மண்ணுத்திக்கு,
குதிரான் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து,
பஸ் ஜன்னலில் தலைமோதத் தூங்கி,
பிறகு பகலெல்லாம்
பிற உயிர்களைத் தூங்கவைத்து.

பசுவுக்குக் குழாய் இறக்குவதென்றால்
வாயில் கட்டை கொடுத்து
முழங்கை வரை கைவிட்டுக்
குரல்வளையை விரலால் தேடவேண்டும்,
கரண்ட் போன வீட்டில் சாவித்துவாரம் தேடுவதுபோல.
கடைவாய்ப்பல் கீறிய கோடுகள்
வலது மணிக்கட்டில், வளையல் இருக்கவேண்டிய இடத்தில்.
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்.
பசு, என்றேன்.
நம்பாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

வாளையாற்றில் ஒரு கொம்பன்
நின்றபடியே மயங்கியது.
காதாட்டம் நின்றதும் ஓடிப்போய்
ஈரச்சாக்கால் கண்ணை மூடினோம்.
அதிகாரிகள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள்.
நான் தும்பிக்கை நுனியில் உள்ளங்கை வைத்து
மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிமிஷத்துக்கு ஐந்து. ஐந்து. நான்கு.
ஐந்து.
படத்தில் என் முழங்கை மட்டும் இருக்கிறது.

மயக்கம் என்றால் மலையாளத்தில்
உண்ட களைப்பில் கண் செருகுவது.
தமிழில் விழுந்துவிடுவது,
ஒருவர்மேல் ஒருவர் விழுந்ததும் சேர்த்து.
இலக்கணத்தில்
ஒரு நிலத்துப் பொருள் இன்னொரு நிலத்தில் வந்து கலப்பது.
எங்கள் ஊரே அப்படியொரு மயக்கம்தான்,
ரேஷன் கார்டில் மலையாளம், ஏச்சில் தமிழ்.

தொண்ணூற்று மூன்று, ஐப்பசி.
கிணத்துக்கடவு ஆறுச்சாமி
தாடையில் கட்டியோடு கறவை மாட்டை டெம்போவில் ஏற்றி
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்தார்.
நான் சிலிண்டரில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் மாணவன், கோட்டயத்துப் பையன், கேட்டான்:
"ராவிலே வல்லதும் கழிச்சோ?"
"இல்லீங்க, ஒண்ணுமே கழியலீங்க."
கோட்டயத்தில் அது சாப்பாடு.
கிணத்துக்கடவில் அது வயிற்றுப்போக்கு.
மாடுதானே, தின்னோ என்று கேட்டிருக்கலாம்;
தின்பது இரண்டு பக்கமும் தின்பதுதான்.
நல்ல வீட்டுப் பிள்ளை,
மரியாதையாகக் கேட்டுவிட்டான்.

விடிகாலையில் தின்ற பருத்திக்கொட்டையும் தவிடும்
என் விரல் குரல்வளையைத் தொடுமுன்
ஏறிவந்தது,
முழங்கை வரை வெதுவெதுப்பாக.

ஆறுச்சாமி சத்தம் போடவில்லை.
கழுத்துக் கயிற்றை உருவிச் சுருட்டிக்கொண்டு
"டெம்போவுக்குப் போகவர வாடகை பேசிட்டனுங்க" என்றார்.
பையன் மெஸ்ஸில் மூன்று நாள் ஒன்றும் தொடவில்லை.

அதன்பின் நானேதான் கேட்பேன்.
தின்னுச்சா, தின்னோ, அசைபோட்டுச்சா,
தண்ணி காட்டினீங்களா.
கேட்டுவிட்டு வாயை முகர்ந்தும் பார்ப்பேன்.
துறைத்தலைவி ஆனபிறகும் முகர்ந்தேன்.
பின்னால் சிரிப்பது கேட்கும்.

போன மாசம் எனக்கே பித்தப்பையில் கல்.
பாலக்காட்டில் ஆஸ்பத்திரி.
நர்ஸ் குனிந்தாள்,
"டீச்சரே, வல்லதும் கழிச்சோ?"
தின்னவில்லை, குடிக்கவில்லை,
கழியவும் இல்லை,
அசைபோடவும் இல்லை.
அவளுக்குச் சிரிப்பு. ஒரே வார்த்தையில் எழுதிக்கொண்டாள்.

மயக்க மருந்துக்காரப் பையன்
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னான்.
எவ்வளவு போடுகிறாய் என்றேன்.
சொன்னான்.
சரியாகத்தான் இருந்தது.

பத்து.
ஒன்பதில் வாய் கொஞ்சம் மாறும்.
எட்டு, அங்கேயும் எட்டுதான்.
ஏழு என்று நான் சொன்னேனா தெரியாது.
தாடைக்குக் கீழே விரல்கள் வந்து தூக்கின,
அவசரப்படாத விரல்கள்.